காதில் ஒரு குரலோடு: லண்டன் முதல் பாத் வரை

செவ்வாய், வெஸ்ட்மின்ஸ்டர் அபே

சுற்றிப் பார்க்கும் இடங்களில் காதில் மாட்டிக் கேட்கும் ஒலி வழிகாட்டியான ஆடியோ கைடு வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டால், பெரும்பாலோர் கருவி நன்றாக வேலை செய்கிறதா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்றுதான் பேசத் தொடங்குவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. காதில் ஒலிக்கும் குரல் நம்மை எந்த இடத்தில் நிற்க வைக்கிறது, நின்ற இடத்தில் எதைப் பார்க்கச் சொல்கிறது என்பதை வைத்தே ஒரு பதிவை நான் மதிப்பிடுகிறேன். ஆண்டுகளையும் பட்டப்பெயர்களையும் அறிவிப்புப் பலகையில் படித்துக்கொள்ளலாம். அறைக்குத் திரும்பிப் புத்தகத்தைப் புரட்டியும் தெரிந்துகொள்ளலாம். கண்ணெதிரே இருந்தும் கண்ணில் படாமல் போகும் ஒன்றைச் சுட்டிக்காட்டும் வேலையை மட்டும் அங்கேயே, அந்தக் கணத்திலேயே செய்தாக வேண்டும். இந்த வாரம் நாங்கள் பார்க்கவிருக்கும் இடங்களில் எந்தக் குரல் அதைச் செய்கிறது என்று கவனித்து, அன்றன்றைக்கு எழுதி வைப்பதாக உத்தேசம்.

முதலில் லண்டனின் பழம்பெரும் தேவாலயமான வெஸ்ட்மின்ஸ்டர் அபே. இங்கே ஆடியோ கைடுக்குத் தனிக் கட்டணம் கிடையாது, நுழைவுச் சீட்டிலேயே அடக்கம். ஆங்கிலப் பதிவுக்குக் குரல் கொடுத்திருப்பவர் நடிகர் ஜெரமி அயர்ன்ஸ். அவசரமும் அலட்டலும் இல்லாத, கல்மண்டபத்துக்கு ஏற்ற குரல். 1066ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று முதலாம் வில்லியம் முடிசூடியதிலிருந்து 2023 மே மாதம் மூன்றாம் சார்லஸ் முடிசூடியது வரை 40 அரசர்களும் அரசிகளும் இங்கே முடிசூட்டப்பட்டிருக்கிறார்கள். இங்கே அடக்கம் செய்யப்பட்டோரும் நினைவுச் சின்னம் பெற்றோரும் 3,000 பேருக்கு மேல். அபேயின் சிக்கலே அதுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கல்லறை, ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு கதை. வரிசையாக எல்லா எண்களையும் கேட்டுக்கொண்டே போனால், பாதி வழியில் காது நிறைந்துவிடும், கண் களைத்துவிடும், மன்னர்களின் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

எனவே நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஓரிடத்துக்கு வந்ததும் உடனே பொத்தானை அழுத்துவதில்லை. முதலில் என் கண் எங்கே போகிறது என்று பார்க்கிறேன். அதன் பிறகே குரலைக் கேட்கிறேன். இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால் மகிழ்ச்சி, வேறுபட்டால் இன்னும் மகிழ்ச்சி. முடிசூட்டு நாற்காலியின் முன்னால் நின்றபோது அப்படித்தான் ஆயிற்று. 1296இல் முதலாம் எட்வர்ட் ஸ்காட்லாந்திலிருந்து எடுத்துவந்த முடிசூட்டுக் கல்லை வைப்பதற்காக 1300ஆம் ஆண்டு வாக்கில் செய்யப்பட்ட ஓக் மர நாற்காலி அது. முதல் பார்வைக்கு ஏமாற்றம் தரும் அளவுக்குப் பழசாகவும் கரடுமுரடாகவும் இருக்கிறது. அந்தக் கரடுமுரடே அதன் சுவாரசியம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பக்கத்துப் பள்ளி மாணவர்களும் பார்வையாளர்களும் அதன் மரத்தில் தங்கள் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். 1800 ஜூலை 5, 6 தேதிகளில் இந்த நாற்காலியில் தூங்கியதாக பி. அபட் என்பவர் இருக்கையிலேயே செதுக்கியிருக்கிறார். மரபுச் சின்னங்களில் பெயர் கிறுக்குவோரை நாம் இன்று திட்டுகிறோம். இருநூறு ஆண்டுகள் கழிந்துவிட்டால் அந்தக் கிறுக்கலும் பாதுகாக்க வேண்டிய சின்னமாகிவிடும் போலிருக்கிறது.

அபேக்குள்ளேயே இருக்கும் லேடி சேப்பல் என்ற வழிபாட்டு மண்டபத்தின் வடக்குப் பக்கத்தில் முதலாம் எலிசபெத்தின் கல்லறை இருக்கிறது. படுத்திருக்கும் பளிங்கு உருவம் அவருடையது மட்டுமே. ஆனால் அதே கல்லறைக்குள், வாழ்நாளில் அவரைச் சிறையில் அடைத்த அக்காள் மேரியும் இருக்கிறார். அரியணையிலும் கல்லறையிலும் பங்காளிகளான இரு சகோதரிகள் என்ற பொருளில் அடியில் ஒரு லத்தீன் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. உருவத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு நகர்கிறவர்கள் பலர். உருவத்திலிருந்து பார்வையைக் கீழே இறக்கி, அந்த வரியில் நிறுத்துவதற்கு ஒரு குரல் தேவைப்படுகிறது.

மணிக்கு ஒருமுறை அபேயில் எல்லாரையும் ஒரு நிமிடம் அமைதி காக்கச் சொல்லி, பாதிரியார் ஒருவர் ஒலிபெருக்கியில் சிறு பிரார்த்தனை சொல்கிறார். ஹெட்போன் மாட்டியிருந்தவர்களில் பாதிப் பேருக்கு இது கேட்கவே இல்லை. சுற்றியிருந்தவர்கள் அசையாமல் நிற்க, அவர்கள் மட்டும் நடந்துகொண்டிருந்தார்கள். அதைக் கண்ட என் மகள் அப்போதே ஒரு பக்கத்து ஒலிப்பானைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். நாங்களும் அன்று முதல் ஒரு காதை இடத்துக்கும் ஒரு காதைக் கருவிக்கும் கொடுப்பது என்று வைத்துக்கொண்டோம்.

புதன், லண்டன் கோபுரம்

குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஆடியோ கைடில் ஒரு சங்கடம் உண்டு. ஆளுக்கொரு கருவி வாங்கினால் ஆளுக்கொரு திசை. ஒருவர் சிரிக்கும்போது மற்றவருக்குக் காரணம் புரியாது. ஒருவர் கேட்டு முடித்துக் காத்திருக்கும்போது இன்னொருவர் இரண்டு எண்கள் பின்னால் இருப்பார். “அப்பா, நீங்க இன்னும் அந்த ஜன்னல்கிட்டயே நிக்கிறீங்களா?” என்ற கேள்வி நேற்று பல தடவை எழுந்தது. அதனால் இன்று மூவரும் ஒன்றாக நின்று, மகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண, ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினோம். அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்த்தாலும் பலன் கிடைத்தது. ஒரே சொல் ஒரே நேரத்தில் மூவர் காதிலும் விழும்போது மூவரும் ஒரே மூலையை நோக்கித் திரும்புகிறோம், பேச்சும் தானாக வருகிறது.

பழைய கோட்டையும் சிறையுமான லண்டன் கோபுரத்தில் ஆடியோ கைடு தனியாக வாடகைக்கு உண்டு. ஆனால் அதோடு போட்டியிட ஓர் உயிருள்ள வழிகாட்டி நுழைவாயில் அருகிலேயே நிற்கிறார். யோமன் வார்டர் என்றும் பீஃப்ஈட்டர் என்றும் அழைக்கப்படும் இந்தக் காவலர்கள் குறைந்தது 22 ஆண்டுகள் ராணுவப் பணி முடித்தவர்கள். குடும்பத்தோடு கோபுர வளாகத்துக்குள்ளேயே குடியிருப்பவர்கள். அவர்கள் நடத்தும் சுற்றுலா நுழைவுச் சீட்டிலேயே அடங்கியது. எங்களை அழைத்துச் சென்றவர், மழை தூறியதும் எங்களை வளைவுக்கடியில் ஒதுக்கி, அங்கே சொல்ல வேண்டிய கதையை முன்னால் கொண்டுவந்தார். கூட்டத்தில் குழந்தைகள் அதிகம் என்று கண்டதும் தலை வெட்டும் காட்சியை இரண்டே வரியில் முடித்தார். பதிவு செய்யப்பட்ட எந்தக் குரலாலும் இதைச் செய்ய இயலாது. நாம் களைத்திருக்கிறோமா, பின்னால் பள்ளி மாணவர் கூட்டம் ஒன்று வந்து இடித்துக்கொண்டிருக்கிறதா என்பதெல்லாம் கருவிக்குத் தெரியாது.

அதற்காகக் கருவியே வேண்டாம் என்றும் நான் சொல்லமாட்டேன். வார்டரின் கதையில் நகைச்சுவைக்கும் ரத்தத்துக்கும் இடம் அதிகம். எட்டாம் ஹென்றியின் இரண்டாம் மனைவி ஆன் பொலின் 1536 மே 19 அன்று தலை துண்டிக்கப்பட்ட கதை, காகங்கள் பறந்துவிட்டால் அரசு வீழும் என்ற நம்பிக்கை, ஆறு காகங்களையாவது எப்போதும் வளர்க்கும் ஏற்பாடு ஆகியவற்றை அவர்களைவிடச் சுவையாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் சுற்றுலா முடிந்து நாம் தனியாக அறை அறையாக நுழையும்போது அவர் உடன் வருவதில்லை. அங்கேதான் கருவி பயன்படத் தொடங்குகிறது.

வளாகத்துக்குள் இருக்கும் போஷாம் கோபுரத்தின் முதல் மாடி அறையில் நாங்கள் இன்று வேறெங்கும் செலவிடாத அளவுக்கு நேரம் செலவிட்டோம். அந்த அறையின் சுவர் முழுதும் கைதிகள் செதுக்கிய எழுத்துகளும் சின்னங்களும். 1553இல் ஜேன் கிரேயை அரசியாக்க முயன்று தோற்ற டட்லி குடும்பத்துச் சகோதரர்கள் இங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் ஜான் டட்லி செதுக்கியதில் நடுவே கரடியும் சிங்கமும் இருக்க, சுற்றிலும் பூவும் இலையுமாக ஓர் ஓரவேலை ஓடுகிறது. சும்மா பார்த்தால் அழகான ஓரம், அவ்வளவுதான். சற்று உற்றுப் பார்த்தால் நான்கு பக்கமும் நான்கு வகைச் செடிகள் என்பது தெரியும். ரோஜா ஆம்ப்ரோஸுக்கு, ஓக் இலை ராபர்ட்டுக்கு, கில்லிப்பூ கில்ஃபோர்டுக்கு, ஹனிசக்கிள் ஹென்றிக்கு என்று, ஒவ்வொரு தம்பியின் பெயரையும் ஒரு செடியாக ஒளித்து வைத்திருக்கிறார் அண்ணன். அடியில் ஒரு செய்யுளையும் செதுக்கி, இந்த ஓரத்தில் நான்கு சகோதரர்களின் பெயர்கள் இருக்கின்றன, விருப்பமுள்ளோர் தேடிக் காணலாம் என்று சவாலும் விட்டிருக்கிறார். பின்னால் வரப்போகும் முகம் தெரியாத பார்வையாளரை ஓரிடத்தில் நிறுத்தி, எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லும் கலை அந்தக் கைதிக்குத் தெரிந்திருக்கிறது. நாங்கள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, மகளை இலைகளைத் தேடச் சொன்னோம். ஓக் இலையை முதலில் கண்டுபிடித்தாள், அடியிலிருந்த விதைகளை வைத்து.

அரச நகைகள் இருக்கும் மண்டபத்தில் நகரும் நடைமேடை நம்மைக் கிரீடங்களைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. படம் எடுக்கவும் அனுமதி இல்லை. அங்கே எந்தப் பதிவையும் ஓடவிட வேண்டாம். வரிசையில் நிற்கும்போதே கேட்டு முடித்துவிட்டு, செங்கோலில் பதித்த 530 காரட் வைரத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு வருவதே நல்லது.

வியாழன், ஹாம்ப்டன் கோர்ட்

தேம்ஸ் நதிக்கரையில், எட்டாம் ஹென்றியும் அவருக்கு முன் கார்டினல் வுல்சியும் வாழ்ந்த அரண்மனை. ஆடியோ கைடு இங்கேயும் சீட்டோடு கிடைக்கிறது. பல தடங்கள் இருப்பதால் எல்லாவற்றையும் கேட்க வேண்டும் என்ற பேராசையை வாயிலிலேயே விட்டுவிட வேண்டும். நாங்கள் ஹென்றியின் வம்சமான டியூடர் காலத்துப் பகுதியையும் சமையலறைகளையும் எடுத்துக்கொண்டு, மூன்றாம் வில்லியமின் பரோக் அறைகளைக் குரலின்றிப் பார்ப்பது என்று பிரித்துக்கொண்டோம். என் மனைவிக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. கருவி காதில் இருந்தால் ஓவியம் பாதிதான் தெரிகிறது என்பது அவளுடைய நெடுநாள் புகார்.

சமையலறையில் ஒலிக்குத் தனி மதிப்பு உண்டு. அரசவையைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோருக்கு நாளுக்கு இருமுறை சமைத்த அந்தப் பெரிய கூடங்கள் இப்போது பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கின்றன. அடுப்பு இருக்கிறது, ஆட்கள் இல்லை. பார்ப்பதற்குக் குறைவாக இருக்கும் இடத்தில் கேட்பதற்கு அதிகம் இருக்கலாம் என்பது என் கருத்து. கதவு அடிக்கும் ஓசை, ஏவுகிற குரல், நெருப்பின் சடசடப்பு ஆகியவை அந்தக் காலியிடத்தை நிரப்பும்போது, சுவரில் படிந்த கரிக்கும் தரையில் தேய்ந்த கல்லுக்கும் பொருள் கிடைத்துவிடுகிறது. அதே ஓசைகளை ஓவியங்களும் திரைச்சீலைகளும் நிறைந்த ஓர் அறையில் போட்டால் எரிச்சலே மிஞ்சும்.

நாடகப் பாணிப் பதிவுகளில் எனக்கு ஓர் எச்சரிக்கை உணர்வு உண்டு. ஹென்றியின் ஐந்தாம் மனைவி கேதரின் ஹாவர்ட், 1541இல் காவலர்களிடமிருந்து தப்பி, மன்னனிடம் மன்றாடுவதற்காக அலறியபடி ஒரு நடைக்கூடத்தில் ஓடினாள் என்றும், அந்த அலறல் இன்றும் கேட்கிறது என்றும் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கூடத்துக்கே ‘பேய்க்கூடம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1542 பிப்ரவரியில் அவள் கொல்லப்பட்டது வரலாறு. அலறல் மரபுக் கதை. நடிகர் குரலும் வயலின் இசையும் சேர்ந்துவிட்டால் இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு காதில் அழிந்துவிடுகிறது. பலகையில் படிக்கும்போது ‘என்று சொல்லப்படுகிறது’ என்ற சொல்லைக் கண் கவனிக்கும். ஒலியில் அது இசைக்கடியில் மூழ்கிப்போகும். ஆகவே அலறல், வாள் ஓசை, குதிரைக் குளம்பு எதுவானாலும், கேட்ட உடனே நான் ஒரு முறை நிறுத்தி, இதற்குச் சான்று சொன்னார்களா என்று யோசித்துவிட்டுத்தான் மேலே போகிறேன்.

இன்று என்னை நீண்ட நேரம் நிறுத்தியது முற்றத்திலிருக்கும் வானியல் கடிகாரம். 1540இல் செய்யப்பட்ட அதன் முகப்பில் சூரியன் பூமியைச் சுற்றி வருகிறது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கோப்பர்னிக்கஸின் நூல் வெளிவருவதற்கு மூன்று ஆண்டுகள் இருக்கும்போது செய்த கடிகாரம் வேறெப்படி இருக்கும்? மணி, மாதம், நாள், ராசி, நிலவின் வளர்பிறை தேய்பிறை இவற்றோடு, லண்டன் பாலத்தில் எப்போது நீர் ஏற்றம் வரும் என்பதையும் அது காட்டுகிறது. அரண்மனைக்குப் படகில் வந்துபோனவர்களுக்கு அது நேரத்தைவிட முக்கியமான செய்தி. மேலிருந்து கீழாக எந்த வளையம் எதைக் காட்டுகிறது என்று ஒருவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே வர, நாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வளையம் வளையமாக நகர வேண்டும். பலகையைப் படிக்கக் குனிந்தால் கடிகாரம் போய்விடும். கடிகாரத்தைப் பார்த்தால் பலகை போய்விடும். ஆடியோ கைடு என்ற ஏற்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருக்குமா தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான அனுபவமும் முன்பு வேறொரு நாட்டில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு மாளிகையில், எங்களுக்கு நேர்ந்தது. புதுப்பிக்கும் பணிக்காக அறைகளிலிருந்த பொருள்களை மாற்றி வைத்துவிட்டார்கள், பதிவை மாற்றவில்லை. இடப்பக்கம் தெரியும் நீல நிறக் குவளையைப் பாருங்கள் என்று குரல் பரவசத்தோடு சொல்ல, இடப்பக்கம் தீயணைப்புக் கருவிதான் இருந்தது.

வெள்ளி, ஸ்டோன்ஹெஞ்ச்

லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறி சாலிஸ்பரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டம். இங்கே ஆடியோ கைடை நம் கைப்பேசியிலேயே செயலியாக இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். நேற்றிரவே விடுதியின் வைஃபையில் இறக்கிக்கொண்டு, கைப்பேசியை முழுதும் சார்ஜ் செய்து, கம்பியுள்ள ஹெட்போனும் எடுத்துவைத்தோம். திறந்த வெளியில் சிக்னலை நம்பக் கூடாது. கைப்பேசியே கேமராவும் வழிகாட்டியும் பயணச் சீட்டுமாக இருக்கும் நாளில் பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடும் என்பதால், படம் எடுப்பதை மனைவியின் கைப்பேசிக்கு ஒதுக்கினோம். சமவெளியில் காற்று பலமாக அடித்தது. மலிவான ஒலிப்பான்களில் காற்றின் இரைச்சலே அதிகம் கேட்கும் என்பதையும் இங்கே வருவோர் கணக்கில் கொள்ள வேண்டும். ஹெட்போன் இல்லாமல் ஒலிபெருக்கியில் போட்டு நடக்கிறவர்களைப் பற்றி இரண்டு பத்தி எழுதத் தோன்றுகிறது, அடக்கிக்கொள்கிறேன்.

பார்வையாளர் மையத்திலிருந்து கற்கள் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கின்றன. வட்டத்துக்குள் நுழையவோ தொடவோ பொது நேரத்தில் அனுமதி இல்லை. கயிற்றுக்கு வெளியே சுற்றி வர வேண்டும். ஆகவே நாம் கால்களால் செய்யும் ஒரே வேலை, நிற்கும் கோணத்தை மாற்றுவதுதான். ஒரு நல்ல குரல் இங்கே தகவலைக் குறைத்துத் திசையைக் கூட்ட வேண்டும். ஒற்றையாக நிற்கும் ஹீல் ஸ்டோனுக்குப் பக்கத்தில் நின்று, கோடை நீள்பகல் நாளில் சூரியன் எந்த வழியாக எழுந்து வட்டத்துக்குள் நுழையும் என்று கையை நீட்டிப் பார்த்தால்தான், கற்கள் கண்டபடி நிற்கவில்லை என்பது உறைக்கிறது. செங்குத்தாக நிற்கும் மிக உயரமான கல்லின் உச்சியில் ஒரு முண்டு தெரியும். மேலே கிடந்த குறுக்குக்கல்லின் குழிக்குள் பொருந்துவதற்காக விட்ட முளை அது. தச்சர்கள் மரத்தில் செய்யும் மூட்டு வேலையை, சராசரியாக 20 டன்னுக்கு மேல் எடையுள்ள கல்லில் செய்திருக்கிறார்கள். குரல் சொல்லியிராவிட்டால் அதைச் சிதைந்த முனை என்றுதான் நினைத்திருப்போம்.

ஸ்டோன்ஹெஞ்ச் இன்னொன்றையும் கவனிக்க வைத்தது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஒரு தேதி இருக்கிறது, ஆனால் அது அந்தத் தேதியை நமக்குச் சொல்வதில்லை. சார்சென் எனப்படும் பெரிய மணற்கற்கள் எங்கிருந்து வந்தவை என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. 1958இல் பழுதுபார்க்கும்போது ஒரு கல்லைத் துளையிட்டு எடுத்த நீண்ட தண்டு ஒன்றைப் பணியில் இருந்த ஒருவர் நினைவாக வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டார். சுமார் 60 ஆண்டுகள் கழித்து அவர் அதைத் திருப்பித் தந்தார். அதை ஆராய்ந்துதான், பெரும்பாலான சார்சென் கற்கள் வடக்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வெஸ்ட் வுட்ஸ் பகுதியைச் சேர்ந்தவை என்று 2020இல் அறிவித்தார்கள். நடுவே விழுந்து கிடக்கும் பலிபீடக் கல் என்று பெயர் பெற்ற ஆறு டன் கல், சிறிய நீலக்கற்களைப் போலவே வேல்ஸிலிருந்து வந்தது என்றுதான் ஒரு நூற்றாண்டாக எல்லாரும் சொல்லிவந்தார்கள். 2024 ஆகஸ்டில் வெளியான ஆய்வு, அது குறைந்தது 700 கிலோமீட்டருக்கு அப்பால், ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தது என்று காட்டியது. அதற்கு முன் பதிவான எந்தக் குரலும், எவ்வளவு கம்பீரமாகப் பேசினாலும், வேல்ஸ் என்றுதான் சொல்லியிருக்கும்.

அச்சிட்ட நூலில் முதல் பக்கத்தைப் புரட்டினால் பதிப்பாண்டு தெரிந்துவிடும். கருவியில் அப்படி ஒரு பக்கம் இல்லை. செயலியாக இருந்தால் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பார்க்க வழி உண்டு; கையில் கொடுக்கும் கருவியாக இருந்தால் கொடுப்பவரிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. கேட்டால் அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. பதிவு செய்த ஆண்டை ஒவ்வொரு தடத்தின் தொடக்கத்திலும் ஒரே வரியில் சொல்லிவிட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று எனக்குப் புரியவில்லை.

சனி, சாலிஸ்பரியிலிருந்து பாத்

ரயிலில் ஒரு மணி நேரம் கிடைத்ததால், காதில் குரல் வந்த கதையைக் கொஞ்சம் எழுதுகிறேன். 1952இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலெக் அருங்காட்சியகத்தில் சிற்றலை வானொலி வழியாக முதல் ஆடியோ கைடு தொடங்கப்பட்டது. மண்டபத்தைச் சுற்றி ஆண்டெனா கம்பி ஓடும். மையத்திலிருந்து ஒலிநாடா ஒலிபரப்பாகும். பார்வையாளர்கள் கையிலிருந்த சிறு பெட்டியில் கேட்பார்கள். ஒரே ஒலிபரப்பு என்பதால் கேட்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே ஓவியத்தின் முன் நின்று, ஒரே நேரத்தில் நகர்ந்தாக வேண்டும். நாங்கள் மூன்று வரை எண்ணிப் பொத்தானை அழுத்தியதை அவர்கள் கட்டாயத்தின் பேரில் செய்திருக்கிறார்கள். 1950களின் பிற்பகுதியில் அகௌஸ்டிகைடு நிறுவனம், நியூயார்க் மாநிலத்து ஹைட் பார்க்கில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் இல்லத்துக்கு, அவர் மனைவி எலினரின் குரலிலேயே ஒரு பதிவு தயாரித்தது. வீட்டுக்காரியே வீட்டைச் சுற்றிக்காட்டுகிறார்; அதை மிஞ்ச எந்த நடிகரால் முடியும்? பிறகு வாக்மேன் வந்தது, ஒலிநாடா சட்டைப் பைக்குள் போயிற்று. 1980களில் அல்கட்ராஸ் சிறைத்தீவின் பதிவைச் செய்தவர்கள், அங்கே காவல் புரிந்தவர்களையும் அடைபட்டிருந்தவர்களையும் தேடிப்பிடித்துப் பேசவைத்தார்கள். சிறையறையின் கதவு எப்படி மூடும் என்பதை அதற்குள் இருந்த ஒருவரே சொல்லும்போது, அருகிலிருக்கும் கம்பியைப் பார்க்காமல் யாராலும் இருக்க முடியாது.

பாத் நகரின் ரோமானிய நீராடு கூடங்களிலும் ஆடியோ கைடு சீட்டோடு சேர்ந்தது. பெரியவர்களுக்கு ஒரு தடம், குழந்தைகளுக்கு ஒரு தடம், அதோடு எழுத்தாளர் பில் பிரைசன் தன் பார்வையில் பேசும் தனிப் பகுதிகள். என் யோசனை: பெரியவர்களும் குழந்தைகள் தடத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அதை எழுதுகிறவர்கள் கேட்பவரின் கவனம் எந்த நொடியும் சிதறிவிடும் என்ற பயத்தோடு எழுதுவதால், ‘இதைப் பார், அதை எண்ணு, அவனுக்கு மீசை இருக்கிறதா சொல்’ என்று கண்ணை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். கோயில் முகப்பிலிருந்து கிடைத்த, கிரேக்கப் புராணத்தின் பாம்புமுடி அரக்கியான கார்கன் தலைக்கு உண்மையிலேயே அடர்ந்த மீசை இருக்கிறது. பெண்ணாக இருக்க வேண்டிய கார்கன் இங்கே ஏன் ஆண் முகத்தோடு இருக்கிறது என்ற விவாதத்தை நாங்கள் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து தொடர்ந்தோம். என் மனைவி நீர்க்கடவுள் என்ற கட்சி. மகள் சூரியன் என்ற கட்சி.

பெரிய குளத்தின் கரையில் குரல் செய்யும் உதவி மிகப் பெரியது. ஆவி பறக்கும் பச்சைத் தண்ணீர், சுற்றிலும் தூண்கள், மேல்தளத்தில் ரோமானியத் தலைவர்களின் சிலைகள் என்று பார்த்ததும் எல்லாமே இரண்டாயிரம் ஆண்டுப் பழமை என்று நினைக்கத் தோன்றும். சிலைகளும் மேல்தளமும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், விக்டோரியா காலத்தில் கட்டியவை. தூண்களின் அடிப்பகுதிக்கு மேலே ரோமானியம் இல்லை. தண்ணீரின் பச்சை நிறம்கூட, கூரை போய் வெயில் பட்டதால் வளர்ந்த பாசியால் வந்ததுதான். ரோமானியர் காலத்தில் மேலே உயர்ந்த வளைவுக் கூரை இருந்தது. 46 டிகிரி வெப்பத்தோடு நாளொன்றுக்கு 11 லட்சம் லிட்டருக்கு மேல் ஊறும் ஊற்றும், குளத்தின் அடியில் விரித்த 45 ஈயத் தகடுகளும்தான் அசல். குனிந்து, கால் அருகிலுள்ள கல்லிலிருந்து பார்வையைத் தொடங்கி மெல்ல உயர்த்தினால், முழங்கால் உயரத்திலேயே ஒரு யுகம் முடிந்து இன்னொன்று தொடங்குவதைக் காணலாம்.

இதற்கெல்லாம் பிறகு, ஊற்றிலிருந்து எடுத்த சாபத் தகடுகள் இருக்கும் பேழையின் முன்னால் மூவரும் கருவிகளை நிறுத்திவிட்டோம். திருட்டுக் கொடுத்தவர்கள் மெல்லிய ஈயத் தகட்டில் முறையீட்டைக் கீறி, சுருட்டி, சூலிஸ் மினெர்வா தெய்வத்தின் ஊற்றில் போட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய 130 தகடுகள் கிடைத்துள்ளன. டாசிமெடிஸ் என்பவருடைய இரண்டு கையுறைகளைக் காணோம். எடுத்தவன் புத்தியையும் கண்களையும் இழக்க வேண்டும் என்று அவர் வேண்டியிருக்கிறார். கையுறைக்குக் கண்ணா என்று கேட்டு மகள் சிரித்தாள். கைரேகை போல நெருக்கமாக ஓடும் அந்தக் கீறல்களையும் பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பையும் மாறி மாறிப் பார்த்து, எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முயன்றோம். பிரைசனின் பகுதிகளில் கேட்காமல் விட்டவை சில இருந்தன. மூடும் நேரம் வரை இன்னும் அரை மணி இருந்ததால், அவற்றைக் கேட்க மறுபடி குளக்கரைக்குப் போனோம்.